இவர் உங்கள் பிள்ளையா?

நான் இப்போது இருக்கும் இந்த ஜப்பானியச் சிற்றூரில் மாலை ஐந்து மணியானால் கம்பத்தில் கட்டிய ஒலிபெருக்கியிலிருந்து ஒரு மெல்லிசை கிளம்பும். வந்த புதிதில் எங்கேயோ கோயில் விசேஷம் என்றுதான் நினைத்தேன். எங்கள் குப்பத்தில் ஆடி மாசம் குழாய் கட்டினால் பக்கத்தில் நிற்பவர் பேசுவது காதில் விழாது. இங்கே குழந்தையைத் தூங்கவைக்கிற மாதிரி வாசிக்கிறார்களே என்று சிரித்துக்கொண்டேன். அப்புறம்தான் விஷயம் தெரிந்தது. விளையாடும் பிள்ளைகளே, பொழுது சாய்கிறது, வீட்டுக்குப் போங்கள் என்று ஊர் நிர்வாகம் சொல்லும் சேதியாம் அது. இசை முடிவதற்குள் பூங்காவில் ஒரு பிள்ளை இருக்காது. ஒரு தாயும் வாசலில் நின்று கத்தமாட்டாள். நல்ல ஏற்பாடுதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஒளிக்காமல் சொல்கிறேன், எனக்கு அந்த நேரம் வந்தாலே எரிச்சலாக வரும். வீட்டுக்குப் போ என்று சொல்ல என் பிள்ளை இங்கே இல்லை.

என் பிள்ளை தர்ஷினி மாமல்லபுரத்துக்குத் தெற்கே எங்கள் குப்பத்தில் இருக்கிறாள். மூன்றாம் வகுப்பு. நான் செங்கல்பட்டில் நர்சிங் படித்தவள். இங்கே முதியோர் இல்லம் ஒன்றில் பராமரிப்பு வேலை. கணவர் குமாருக்கு மறைமலைநகரில் கார் உதிரிபாகக் கம்பெனி. விடியுமுன் கம்பெனி பஸ் ஏறுபவர், உள்ளே நுழையும்போது போனை வாசல் லாக்கரில் போட்டுவிட வேண்டும். ஆகையால் பகலெல்லாம் தர்ஷினிக்கு எல்லாமே என் அக்கா செல்விதான். மச்சான் கொண்டுவரும் மீனைக் கூடையில் எடுத்துக்கொண்டு விற்கப் போகிற அக்காவும், ஈரக்கையில் எதற்கு என்று போனை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போவாள். இதையெல்லாம் இப்போதே சொல்லிவைக்கிறேன், காரணம் இருக்கிறது.

தர்ஷினியின் பள்ளியில் போன வருடம் ஆளுக்கொரு டேப்லெட் கணினி கொடுத்தார்கள், டேப் என்பார்கள். பிள்ளை அதன் முன்னால் முகத்தைக் காட்ட வேண்டும். முகம் பொருந்தினால் வருகை பதிவாகிவிடும், நேற்று எந்தக் கணக்கில் விட்டாளோ அதே கணக்கு திறந்துகொள்ளும். தப்பாகப் போட்டால் அதே மாதிரி இன்னும் நாலு கணக்கு கொடுக்கும். சாயங்காலம் பெற்றோரின் போனில் உள்ள ஆப்புக்குச் சேதி வரும்: பெருக்கல் முடித்தார், வகுத்தலில் தடுமாறுகிறார். ஒரு வீட்டுக்கு ஒரு எண்தான் பதியலாம் என்றதும் என் எண்ணைத்தான் கொடுக்கச் சொன்னேன். குமார் சிரித்தார். அவருக்கென்ன, தினமும் ராத்திரி பிள்ளையின் தலையைத் தடவிவிட்டுத் தூங்குகிறவர். எனக்கு அந்தச் சேதிதான் பிள்ளை. வகுத்தலில் தடுமாறுகிறாள் என்று வந்த அன்று வீடியோவில் கூப்பிட்டு, “பன்னெண்டு சங்கரா மீன மூணு கூறு போடுடி, ஒரு கூறுல எத்தினி?” என்று கேட்டேன். டேப்பில் வராதது கூறு கட்டும்போது சட்டென்று வந்துவிட்டது. மீன்காரி வீட்டுப் பிள்ளை இல்லையா!

எல்லாவற்றையும்விட நான் காத்துக்கிடப்பது காலைச் சேதிக்கு. ‘தர்ஷினி பள்ளிக்கு வந்து சேர்ந்தார்.’ எங்கள் ஊர்க் காலை எனக்கு இங்கே மதியச் சாப்பாட்டு நேரம். இல்லத்தில் வேலை நேரத்தில் போன் வைத்திருக்கக் கூடாது. தாத்தா பாட்டிகளுக்கு ஊட்டி, வாய் துடைத்து, தட்டுகளை அடுக்கிவிட்டு இடைவேளைக்கு லாக்கரைத் திறந்தால் அந்த ஒரு வரி இருக்கும். அதைப் பார்த்த பிறகுதான் என் டப்பாவைத் திறப்பேன்.

காலாண்டு விடுமுறை வந்ததும் அந்த வரி நின்றுபோனது. சரி, வீடியோவில் பார்க்கலாம் என்றால் அதுவும் வாய்க்கவில்லை. “நெட்டு பேஜாரு பண்ணுதுடி”, “இப்பத்தான் தூங்குனா”, “வெளையாடப் போய்கீறா” என்று அக்கா தினம் ஒன்று சொன்னாள். குமாரைக் கேட்டால் அவரும் அதையே திருப்பிச் சொன்னார். குரல் மட்டும் இரண்டு தரம் கேட்டேன். கம்மியிருந்தது. ஐஸ் தின்றாயா என்று திட்டினேன். விடுமுறை முடிந்து பள்ளி திறக்கிற திங்கட்கிழமையை நான் விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்தேன்.

அந்தத் திங்கட்கிழமை லாக்கரைத் திறந்தேன். ‘தர்ஷினி இன்று பள்ளிக்கு வரவில்லை.’

முதலில் கோபம்தான் வந்தது. பள்ளி திறக்கிற முதல் நாளே மட்டம் போடவைத்துவிட்டார்களே என்று. அக்காவைக் கூப்பிட்டேன், முழுசாக அடித்து ஓய்ந்தது. குமாரைக் கூப்பிட்டேன், அது லாக்கரில் கிடந்து அடிக்கும் என்று தெரிந்தேதான் கூப்பிட்டேன். பள்ளி எண்ணைப் போட்டால் பதிவுசெய்த குரல், சேர்க்கைக்கு ஒன்றை அழுத்து, போக்குவரத்துக்கு இரண்டை அழுத்து என்றது. காணாமல்போன பிள்ளைக்கு எந்த எண் என்று அது சொல்லவில்லை. ஆப்பில் கேள்வி கேட்கும் இடத்தில், என் மகள் எங்கே என்று எழுதினேன். ஒரு நொடிகூட ஆகவில்லை, பதில் வந்துவிட்டது: ‘தங்கள் பிள்ளையின் கற்றல் பயணத்தில் தாங்கள் காட்டும் அக்கறைக்கு நன்றி.’ கையில் இருந்த போனைச் சுவரில் அடிக்கலாம் போல இருந்தது. எங்கள் குப்பத்திலிருந்து பள்ளி வேன் ஏறப் போகும் வழியில் கிழக்குக் கடற்கரைச் சாலையைக் கடக்க வேண்டும். அங்கே கார்கள் வருகிற வேகம் ஊர்க்காரர்களுக்குத் தெரியும்.

நான் நின்ற கோலத்தைப் பார்த்துவிட்டு எங்கள் லீடர் தனாகா-சான் ஓடிவந்தார். ஐம்பது தாண்டிய பெண்மணி, சத்தமாகப் பேசியே நான் கேட்டதில்லை. எனக்கு அப்போது பாதி ஜப்பானிய மொழி மறந்துபோய்விட்டது. “முசுமே… கக்கோ… இனாய்” என்றேன். மகள், பள்ளி, இல்லை. அவ்வளவுதான் வந்தது. எனக்கு மகள் இருக்கிறாள் என்று அவருக்குத் தெரியும். எங்கே இருக்கிறாள் என்று அவர் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை. அவர் முகம் வெளுத்துவிட்டது. என் பையை எடுத்து என் தோளில் மாட்டினார். குடையைக் கையில் திணித்தார். “ஹயாகு! ஹயாகு!” சீக்கிரம் போ, சீக்கிரம் போ என்று முதுகில் கைவைத்து வாசல்வரைக்கும் தள்ளிக்கொண்டே வந்தார். மற்றவர்களிடம் என் வேலையைப் பங்கிட்டுக் கொடுப்பது காதில் விழுந்தது. கதவு என் பின்னால் சாத்திக்கொண்டது.

வெளியே வந்து நின்றேன். லீவு கிடைத்துவிட்டது, போ என்று சொல்லிவிட்டார்கள். எங்கே போவது? கால் பாட்டுக்கு நடந்தது. இரண்டு தெரு தள்ளி இந்த ஊர்ப் பள்ளி இருக்கிறது, அதன் கம்பிவேலி ஓரம்தான் போய் நின்றேன். உள்ளே பிள்ளைகள் பந்து விளையாடிக்கொண்டிருந்தார்கள். அப்போதுதான் தர்ஷினியைப் பள்ளிக்கு ஏற்றிப்போகும் வேன்காரர் ஏழுமலை ஞாபகம் வந்தது.

“அண்ணா, தர்ஷினி இன்னிக்கு வேன்ல ஏறலியா?”

“இன்னாமா சொல்ற? நான்தான் ஏத்திகினு போனேன். கேட்டாண்ட எறக்கி வுட்டேனே. தலைல தொப்பி மாட்டிகினு, யாராண்டயும் பேசாம உர்ருனு ஒக்காந்துகினு வந்துச்சு.”

“தொப்பியா? அவகிட்ட தொப்பியே கிடையாதே அண்ணா!”

“எனக்கு இன்னாமா தெரியும்? இரு, பயந்துக்காத. இங்க பக்கத்துலதான் டீ குடிச்சுகினு கீறேன். போயி பாத்துட்டு சொல்றேன், போன வையி.”

வீட்டில்தான் இருப்பாள் என்று நினைக்க இடம் இருந்தவரைக்கும் ஒரு பிடி இருந்தது. இப்போது அதுவும் போயிற்று. வேனில் ஏறியிருக்கிறாள், வாசலில் இறங்கியிருக்கிறாள், உள்ளே இல்லை. வாசலுக்கும் வகுப்புக்கும் நடுவில் என் பிள்ளை எங்கே போனாள்? யாரோ தொப்பி வாங்கிக் கொடுத்திருக்கிறார்களே, யார் அது? மனசு எங்கெல்லாம் போகக் கூடாதோ அங்கெல்லாம் போனது. அதை எழுத எனக்குக் கை வரவில்லை. பிள்ளையை ஊரில் விட்டுவிட்டு வந்தவர்கள் யாராவது இதைப் படித்தால், உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. வேலிக்கு உள்ளேயிருந்து ஒரு ஆசிரியர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் பார்வையில் நான் யாரோ ஒரு வெளிநாட்டுக்காரி, பிள்ளைகளை உற்றுப் பார்த்துக்கொண்டு அழுகிறவள். இரண்டடி தள்ளி நின்றேன்.

போன் அதிர்ந்தது. ஏழுமலை இல்லை, ஆப். ஒரு படம் வந்திருந்தது. அதன் கீழே: ‘பதிவில் உள்ள முகத்துடன் பொருந்தவில்லை. இவர் உங்கள் பிள்ளையா? ஆம். இல்லை.’

படத்தில் ஒரு மொட்டைத் தலை. சந்தனம் காய்ந்து திட்டுத்திட்டாக ஒட்டியிருந்தது. கன்னம் ஒட்டி, கண் உள்ளே போய், காது இரண்டும் துருத்திக்கொண்டு ஒரு பையன் நின்றான். யாரோ பையனை அனுப்பிவிட்டு என் பிள்ளையா என்று கேட்கிறார்களே என்று ஆத்திரம் வந்தது. ‘இல்லை’ மேல் என் கட்டைவிரல் போய்விட்டது. அழுத்தவில்லை. படத்தைப் பெரிதாக்கினேன். இடது கண் கொஞ்சம் சுருங்கியிருந்தது. போட்டோ எடுத்தால் தர்ஷினி அப்படித்தான் ஒரு கண்ணைச் சுருக்குவாள், தவழ்கிற நாளிலிருந்து.

ஐயோ, என் தங்கமே என்று வாய்விட்டுக் கத்திவிட்டேன். வேலிக்குள் பந்து விளையாடிய பிள்ளைகள் திரும்பிப் பார்த்தார்கள். ‘ஆம்’ என்பதை ஒரு தடவைக்கு நாலு தடவை அழுத்தினேன்.

வகுப்பு மிஸ் கூப்பிட்டார். பிள்ளை காலையிலிருந்து அவர் கண்முன்னால்தான் இருந்திருக்கிறாள். திருப்போரூர் முருகன் கோயிலில் மொட்டை போட்டுக்கொண்டு வந்தவளை டேப்புக்கு அடையாளம் தெரியவில்லை; பாடமும் திறக்கவில்லை, வருகையும் விழவில்லை. “நான் தினமும் பாக்கற பிள்ளை மேடம். எனக்குத் தெரியாதா? ஆனா இப்ப அட்டெண்டன்ஸ் எங்க கையில இல்ல. நீங்க ஓகே குடுத்தாதான் புது முகம் ஏறும். வேன்காரர் வந்து சண்டை போட்டாரு, அப்புறம்தான் ஆபீஸ்ல போட்டோ அனுப்பினாங்க.” அப்படியானால் முடி வளர்ந்ததும் மறுபடி இந்தக் கூத்தா என்று கேட்டேன். “இல்ல மேடம், கொஞ்சம் கொஞ்சமா வளரும்போது அது தானா பழகிக்கும். தினமும் பாக்குதில்ல?” என்றார். அவர் வெகுளியாகத்தான் சொன்னார். எனக்குத்தான் சுருக்கென்றது. குமாருக்கும் மகளோடு சேர்த்து மொட்டைதானாம். அவர் கம்பெனியில் கட்டைவிரல் வைக்கிற மெஷின், அதனால் தப்பித்தார்.

மாலையில் அக்கா கிடைத்தாள். விட்டேனா! விடுமுறை முழுக்கக் காய்ச்சல், மூன்று நாள் செங்கல்பட்டு ஆஸ்பத்திரி, தேறினால் அப்பனுக்கும் மகளுக்கும் மொட்டை என்று வேண்டுதல், எல்லாம் அப்போதுதான் வெளியே வந்தது.

“நான் நர்சுக்கா! எனக்குச் சொல்லாம யாருக்குச் சொல்லுவ?”

“சொன்னா இன்னா பண்ணுவ? பறந்து வந்துருப்பியா? அங்க ஒக்காந்துகினு சோறு தின்னாம அழுதுகினு கெடப்ப. அதான் சொல்லல.”

“அவ என் புள்ள!”

“ஆமாண்டி, ஒன் புள்ளதான். ராவெல்லாம் ஈரத்துணி போட்டது நானு.”

சொல்லிவிட்டு அக்கா மூக்கை உறிஞ்சினாள். போன் கை மாறியது.

“அம்மா, டேப்பு என்ன யாருன்னு கேக்குது. பசங்கல்லாம் சிரிச்சாங்க.”

“நீ இன்னா சொன்ன?”

“தர்ஷினின்னு கத்தினேன். அதுக்குக் காது இல்லியாம், கண்ணுதான் கீதாம். மிஸ் சொன்னாங்க. அப்பால நீ ஆம்னு அமுத்துனியாமே?”

“ஆமாம்டி தங்கம்.”

“ஒடனே அமுத்துனியா?”

“ஒடனே அமுத்துனேன்” என்றேன்.

மறுநாள் மதியம் லாக்கரைத் திறந்தபோது அந்த வரி வந்திருந்தது. தர்ஷினி பள்ளிக்கு வந்து சேர்ந்திருந்தாள். டேப் முதல் பார்வையிலேயே திறந்துகொண்டதாம். வேலை முடிந்து கிளம்பும்போது தனாகா-சான் வாசலில் காத்திருந்தார். மகள் கிடைத்துவிட்டாளா, வீட்டுக்கு வந்துவிட்டாளா என்று நிறுத்தி நிறுத்தி, எனக்குப் புரியும்படி கேட்டார். மகள் இந்த ஊரிலேயே இல்லை என்ற உண்மையைச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அவர் கண் கலங்கியிருந்தது. “ஹாய்” என்றேன், ஆமாம் என்று. அவர் நெஞ்சில் கைவைத்து மூச்சுவிட்டார். பிறகு ஒரு சின்னக் காகிதப் பையை இரண்டு கையாலும் நீட்டினார். உள்ளே அரிசிமாவில் செய்த இரண்டு இளஞ்சிவப்பு இனிப்புகள், ஒன்று எனக்கு, ஒன்று மகளுக்கு.

பூங்காவைத் தாண்டும்போது ஒலிபெருக்கியில் ஐந்து மணி இசை கிளம்பியது. பிள்ளைகள் பையை மாட்டிக்கொண்டு கலைந்தார்கள். நானும் காகிதப் பை கசங்காமல் பிடித்துக்கொண்டு நடந்தேன். இன்று செய்தது, இன்றைக்கே கொடுத்துவிடு, நாளைக்குக் கெட்டியாகிவிடும் என்று தனாகா-சான் இரண்டு தரம் சொல்லியிருந்தார்.