கழற்றிப் பார்க்காமல் வாங்காதவர்

புதுச் சுவர்க்கடிகாரத்தின் முதுகைக் கழற்றிக்கொண்டிருக்கிறார் அங்கப்பன். வாங்கி அரைமணி நேரம்கூட ஆகவில்லை. மணியும் சரியாகத்தான் காட்டுகிறது. "ஓடுறது தெரியுதுங்க. எதனால ஓடுதுன்னு தெரிய வேண்டாங்களா?" என்கிறார், பல்லில் ஒரு திருகாணியைக் கடித்தபடி.

கோவை கணபதியில் பம்ப்செட் உதிரிபாகக் கடை அவருடையது. வயது ஐம்பத்தாறு. பக்கத்துக் கடையில் ஜெராக்ஸ் போடுகிறவன் நான். இந்தப் பன்னிரண்டு வருஷத்தில் அவர் கழற்றிப் பார்க்காமல் வாங்கிய பொருளை நான் கண்டதில்லை. மிக்ஸி, இஸ்திரிப் பெட்டி, மாமனார் ஆசையாகக் கொடுத்த கைக்கடிகாரம் எல்லாமே அவர் கையால் திறந்து மூடப்பட்டவை. எல்லாம் இன்னும் ஓடுகின்றன. ஒவ்வொன்றிலும் ஒரு திருகாணி மட்டும் மிச்சமாகிவிடும். "கம்பெனிக்காரன் ஒண்ணு சேத்திப் போட்டுட்டானுங்க" என்பது அவர் விளக்கம்.

கடையில் ஒன்பதாயிரத்துச் சொச்சம் சாமான்கள். எது எங்கே என்பது கவுன்ட்டரில் நிற்கும் அழகிரிசாமிக்கு மட்டும்தான் தெரியும். போன சித்திரையில் கண் ஆபரேஷனுக்காக அவர் பத்து நாள் வரவில்லை. மோட்டார் நின்றுபோன விவசாயிகள் தேய்ந்த பேரிங்கோடு வாசலில் காத்திருந்தார்கள். அந்தியூரிலிருந்து வந்த ஒருவர், "வாழை காயுதுங்க" என்று சொல்லிவிட்டு வெறுங்கையோடு பஸ் ஏறினார். அவர் கேட்ட இம்பெல்லர், பம்ப்புக்குள் சுழன்று தண்ணீரைத் தள்ளும் சக்கரம், நான்கு நாள் கழித்து ஜன்னலுக்கடியில் கிடைத்தது. அங்கப்பன் அதை மடியில் வைத்துக்கொண்டு அன்று சாப்பிடக்கூடப் போகவில்லை.

"எல்லாத்தையும் கம்ப்யூட்டர்ல ஏத்திப்போடலாமுங்க" என்றார் மறுநாள்.

சாமான் பட்டியலுக்கு டேட்டாபேஸ் போட்டுத்தர இரண்டு பேர் வந்தார்கள். முதலில் வந்த சென்னகிருஷ்ணன் ஒரு கம்பெனியின் ஆள். இஸ்திரி போட்ட சட்டை, தமிழிலேயே பளபளக்கும் திரை, வருஷா வருஷம் லைசென்ஸ் கட்டணம்.

"கரண்ட் போனா என்னாகுமுங்க?" என்று கேட்டுக்கொண்டே அங்கப்பன் லேப்டாப்பின் ஒயரைப் பிடுங்கினார். லேப்டாப் அணையவில்லை. "பேட்டரி இருக்குங்க சார்" என்று சென்னகிருஷ்ணன் சிரித்தார். அங்கப்பன் உடனே லேப்டாப்பைக் கவிழ்த்துத் திருகாணிகளை எண்ண ஆரம்பித்ததும் அந்தச் சிரிப்பு போய்விட்டது.

"இந்த சாஃப்ட்வேரு உள்ளுக்குள்ள எப்படி இருக்குமுங்க?"

"அதை யாருக்கும் காட்டமாட்டோம் சார். கம்பெனி ரகசியம்."

"மூடியே வெச்சிருக்கிற மோட்டாரு மாதிரீங்களா?" என்றார் அங்கப்பன் வருத்தத்தோடு.

அடுத்து வந்த இளவேனில் கருமத்தம்பட்டிக்காரர். நாற்பது வயதிருக்கும். விசைத்தறிக் கூடங்களுக்கும் மருந்துக் கடைகளுக்கும் ஓப்பன் சோர்ஸ் டேட்டாபேஸ் அமைத்துத் தருகிறவர்.

"லைசென்ஸு எத்தனைங்க அம்மணி?"

"லைசென்ஸுக்குக் காசே இல்லீங்கண்ணா."

"ஏனுங்க, ஏதாச்சும் ரிப்பேருங்களா?"

"ரிப்பேரெல்லாம் இல்லீங்க. உள்ள இருக்கறத யார் வேணும்னாலும் தொறந்து பாக்கலாம், மாத்திக்கலாம். நான் வந்து செய்யற வேலைக்கு மட்டும் வருஷத்துக்கு ஒரு தொகை."

திறந்து பார்க்கலாம் என்ற சொல் காதில் விழுந்ததும் அங்கப்பன் மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டினார். இளவேனில் திறந்து காட்டினார். ஆங்கில எழுத்தும் அடைப்புக்குறியுமாக வரிவரியாக ஓடியது. கால்மணி நேரம் அங்கப்பன் கண் கொட்டாமல் பார்த்தார்.

"இதுல இம்பெல்லர் எங்கீங்க?"

இளவேனிலுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அங்கப்பனோ, அப்படி ஒரு தோல்வியை முதல் தடவையாகச் சந்தித்தவர்போல நாற்காலியில் சாய்ந்தார். "உங்களுக்காச்சும் முழுசாப் புரியுதுங்களா?"

"முழுசாப் புரியாதுங்கண்ணா. நம்ம வேலைக்கு வேண்டியது புரியும். மாட்டிக்கிட்டா கேட்கறதுக்கு நெம்பப் பேர் இருக்காங்க."

தெரியாததைத் தெரியாது என்று சொன்ன விற்பனையாளரை அவர் அதுவரை பார்த்ததில்லை. ஆனாலும் முடிவு சொல்லவில்லை. இரண்டையும் ஒரு மாதம் ஓட்டிப் பார்க்கலாம் என்றார். அழகிரிசாமி அலமாரி அலமாரியாகச் சொல்லச் சொல்ல, எல்லாச் சாமானும் இரண்டு கம்ப்யூட்டரிலும் ஏறின. சென்னகிருஷ்ணனுடையதில் பில் அழகாக வந்தது. இளவேனிலுடையதில் முதல் வாரம் தமிழ் எழுத்தெல்லாம் கட்டம் கட்டமாக அச்சாயிற்று. அவர் இரண்டு தடவை பஸ் பிடித்து வந்து சரிசெய்தார்.

மாதக் கடைசியில் இருவரையும் தனித்தனியே கூப்பிட்டு அங்கப்பன் ஒரே கேள்வியைக் கேட்டார். "நீங்க இனி வேண்டாமுன்னா, என்னோட பட்டியல் என்ற கைக்கு வருமுங்களா?"

சென்னகிருஷ்ணன் ஆபீசுக்கு மூன்று போன் போட்டார். "வரும் சார். ஆனா அதுக்குத் தனியா ஒரு மாட்யூல் வாங்கோணும்" என்றார். சொல்லும்போது அவருக்கே கூச்சமாக இருந்தது.

இளவேனில் ஒரு பென் டிரைவைச் செருகி, ஐந்து நிமிஷத்தில் பட்டியலை ஏற்றி மேசைமேல் வைத்தார். தன்னை வேண்டாம் என்கிறார் என்று நினைத்து அவர் முகம் வாடியிருந்தது. "பரவால்லீங்கண்ணா, நான் வாரேன்" என்று பையை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

"ஏனுங்க அம்மணி, எங்க கெளம்பீட்டீங்க? சித்த உக்காருங்க."

அங்கப்பன் பென் டிரைவோடு என் கடைக்கு ஓடிவந்தார். என் கம்ப்யூட்டரில் இளவேனிலின் டேட்டாபேஸ் கிடையாது. இருந்தும் ஒன்பதாயிரத்துச் சொச்சமும் வரிசையாகத் திறந்துகொண்டன. நம்பிக்கை வராமல் இருநூறு பக்கத்தையும் அச்சடிக்கச் சொன்னார். நான் மறுக்கவில்லை.

சென்னகிருஷ்ணனுக்குக் காபி வாங்கிக் கொடுத்து, "நீங்க நெம்ப நல்ல பையனுங்க, சாவி மட்டும் உங்க கம்பெனிகிட்ட இருக்குதுங்க" என்று அனுப்பிவைத்தார். இளவேனிலிடம் ஒரு வருஷத் தொகையை முன்பணமாகக் கொடுத்தபோதுதான் அங்கப்பனுக்கு நிம்மதி. ஒரு மாதம் காசு வாங்காமலே வேலை செய்தவர் கூப்பிட்டால் வருவாரா என்ற கவலை அதுவரை இருந்ததாம்.

அடுத்த வாரம் இளவேனில் வந்தபோது, கம்ப்யூட்டருக்கு மேலே சுவரில் சிவப்பு எனாமலில் முழ உயரத்துக்கு எழுதியிருந்தது: 'நின்றுபோனால் இளவேனில்.' அதன் கீழே அவருடைய போன் நம்பர்.

"அண்ணா, நாளைக்கு நான் நம்பர் மாத்தினா என்ன பண்ணுவீங்க?"

அங்கப்பன் சுவரை ஒருமுறை பார்த்தார், அவரை ஒருமுறை பார்த்தார். வாசலில் பிரஷ்ஷைக் கழுவிக்கொண்டிருந்த பெயின்டரைக் கைதட்டிக் கூப்பிட்டு, அந்தப் பத்து எண்களும் அழியாதபடி அதே சிவப்பில் இன்னொரு கோட்டிங் அடிக்கச் சொன்னார்.