பட்டியலில் இல்லாத மூன்று மணி நேரம்

ஜவ்வாது மலையில் ஒரு சுகாதாரத் திட்டத்தின் களப்பணியாளர்களுக்கு, வேலை நேரத்தைப் பதியும் செயலியைப் போனில் போட்டுப் பழக்கப் போயிருந்தேன். வந்தவர்களில் ஒல்லியான ஒரு அம்மா, மலையூர்களுக்கு நடந்தே போகிறவர். எந்த வீட்டுக்கு எத்தனை மணிக்குப் போனார் என்பதைப் பேனாவால் முன்கையில் எழுதிக்கொள்வது அவர் வழக்கம்.

"இனிமே கையில எழுத வேணாங்க. போன வாரம் பாத்த வேலைய இதுல ஏத்திப் பழகுங்க," என்றேன்.

அவர் கொஞ்சம் தயங்கினார். "வலி வந்த பொண்ண டோலியில தூக்கினு எறங்கினோம். பாதி வழியில உசுரு போய்ட்ச்சி. ஜீப் வர்ற வரிக்கும் மூணு மணி நேரம் பக்கத்துலயே உக்காந்திருந்தேன். அது இன்னா வேலைங்க?"

செயலியில் நான்கு தலைப்புகள்தான் இருந்தன: வீட்டுச் சந்திப்பு, பயணம், கூட்டம், ஓய்வு. பயணம் என்று போடச் சொன்னேன்.

"நடக்கலியேங்க," என்றவர் ஓய்வை அழுத்தினார்.

"அது வேலை நேரத்துல சேராதுங்க."

"சேர வேணாங்க. அந்தப் பொண்ணு கையப் புடிச்சினு இருந்தத வேலைன்னு போட மனசு வரல."

அடுத்தவர் தன் போனை நீட்டினார், வாங்கிக்கொண்டேன். புதுத் தலைப்பு ஒன்றைச் சேர்க்கும் அதிகாரம் அன்று எனக்கு இருந்தது. அதற்கு என்ன பெயர் வைப்பது என்றுதான் தெரியவில்லை. இன்றும் தெரியவில்லை.