முள் பொறுக்கிய மீன் கட்லெட்

ஆலத்தியூரில் எங்கள் எதிர்வீட்டுக்காரர் சிமெண்ட் ஆலையில் வாட்ச்மேன். ஆறடி ஆள், கைவிரல் ஒவ்வொன்றும் வாழைக்காய்த் தடிமன். ஞாயிறுதோறும் ஏரிக் கெண்டையை வேகவைத்து, கேட்டில் லாரியைச் சோதிக்கிற அதே முகத்தோடு, மூன்று தடவை உதிர்த்து முள் பொறுக்குவார். பிறகு உருளைக்கிழங்கோடு பிசைந்து, தட்டி, தோசைக்கல்லில் எண்ணெய் விட்டுச் சுடுவார். பல் போன மாமியாருக்காகத்தான் இத்தனை பாடும்.

ஒருநாள் எனக்கும் ஒன்று கொடுத்தார். நான் பாதி தின்பதற்குள் ஆவல் தாங்காமல் கேட்டார்:

"முள்ளு ஏதாச்சும் தட்டுப்படுதுங்களா?"

தன் தட்டைக் காலி செய்திருந்த மாமியார் முந்திக்கொண்டார்.

"எம் மாப்ள கண்ணுக்குத் தப்பி ஒரு முள்ளு வந்துருமா?"

மாப்பிள்ளை வெட்கப்பட்டுச் சிரித்தார்.

"இல்லவே இல்லிங்க" என்றேன்.

கன்னத்தில் ஒதுக்கிய முள்ளை என் வீட்டுக்குள் வந்துதான் துப்பினேன்.