படத்தில் நின்ற நாலாவது ஆள்

என் கைபேசி அடிக்கடி ஒரு கேள்வி கேட்கும். உள்ளே கிடக்கிற படங்களிலிருந்து ஒரு முகத்தை வெட்டியெடுத்து, வட்டத்துக்குள் வைத்து, இவர் யார் என்று கேட்கும். நான் பதில் சொல்வதில்லை. அலுவலகத்தில் என்னோடு வேலை செய்கிற பிள்ளைகள் இதைக் கண்டு சிரிப்பார்கள். பெயரைப் போட்டுவிட்டால் படம் தேடச் சுகம்தானே, ஒளிக்க உங்களிடம் என்ன இருக்கிறது என்பார்கள். ஒளிக்க ஒன்றுமில்லை என்ற பேச்சைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். எங்கள் அப்பாவும் அதையே சொல்லிக்கொண்டுதான் அந்தப் படத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தார்.

அப்போது யாழ்ப்பாணத்துத் தீவொன்றில், சுருவில் கிராமத்து வீட்டில் அப்பா, அம்மா, நான் என்று மூன்றே பேர். அண்ணை பிரான்சில் இருந்தார். அவர் போனது வேறொருவரின் பாஸ்போட்டில், தலை மாற்றி. அதிலிருந்த படத்தைக் கழற்றிவிட்டு அண்ணையின் படத்தை ஒட்டி அனுப்பிவைத்தான் ஏஜென்சிக்காரன். ஆகவே அரசாங்கத்தின் எந்தக் காகிதத்தைப் பார்த்தாலும் அண்ணை இந்த நாட்டை விட்டுப் போகவே இல்லை.

இடம்பெயர்ந்த ஓட்டத்தில் எங்கள் அல்பங்கள் எல்லாம் தொலைந்திருந்தன. நாலு பேரும் ஒன்றாக நிற்கிற படம் ஒன்றாவது வேண்டும் என்று அம்மா புலம்பிக்கொண்டே இருந்தா. போர்நிறுத்தத்தில் கொழும்புப் பாதை திறந்திருந்த காலத்தில், யாழ்ப்பாண டவுனில் ஒரு ஸ்டூடியோக்காரர் கம்ப்யூட்டர் வாங்கியிருந்தார். அண்ணை யாரோ ஒருவருடைய காருக்கு முன்னால் நின்று எடுத்து அனுப்பிய படத்தை எடுத்துக்கொண்டு மூன்று பேரும் பஸ் ஏறிப் போனோம். அப்பாவும் அம்மாவும் கதிரைகளில் இருந்தார்கள், நான் பக்கத்தில் நின்றேன். பத்து நாள் கழித்துப் படம் வந்தபோது, அம்மாவுக்குப் பின்னால் அண்ணை நின்றார். காரைக் காணவில்லை. தடித்த குளிர்ச்சட்டையையும் கழற்றிவிட்டு நீலச் சேட் ஒன்று போட்டுவிட்டிருந்தார் ஸ்டூடியோக்காரர். யாருடையதோ ஒரு கையை எடுத்து அம்மாவின் கதிரை மேல் வைத்திருந்தார். விரல்கள் நாலும் அம்மாவின் தோளை ஒட்டிக் கிடந்தன. அம்மா அழுதா, நானும் அழுதேன். மூன்று பிரதிகள் எடுத்து ஒன்றைச் சுவரில் மாட்டினோம்.

பிறகு திரும்பவும் சண்டை தொடங்கிப் பாதையைப் பூட்டினார்கள். தீவில் சோதனை இறுகியது. ஒவ்வொரு வீடும் குடும்பப் படமும் பெயர்ப் பட்டியலும் இராணுவ முகாமில் கொடுக்க வேண்டும், ஒரு பிரதி வாசல் கதவுக்குப் பின்னால் தொங்க வேண்டும் என்று கட்டளை வந்தது. வருகிறவர்கள் படத்தையும் ஆட்களையும் எண்ணிப் பார்ப்பார்களாம். படம் எடுக்கத் தாளில்லை என்று ஸ்டூடியோக்கள் கையை விரித்தன. எங்களிடம் மேலதிகமாக இரண்டு பிரதிகள் இருந்ததால் நாங்கள் அதிர்ஷ்டசாலிகள் என்று நினைத்தோம்.

படிவத்தை நிரப்பியது நான். எங்கள் ஒழுங்கை முழுவதற்கும் நான்தான் நிரப்பிக் கொடுத்தேன். மற்ற வீடுகளுக்குப் பெயரையும் தலையையும் இரண்டு தரம் எண்ணிச் சரி பார்த்தேன். எங்கள் வீட்டுப் படத்தை எண்ணவில்லை. அண்ணை அதில் நிற்பது எனக்குத் தெரியாமலா இருந்தது? நாள்தோறும் பார்த்த படம். அவர் அங்கே நிற்பது அவ்வளவு இயல்பாகிப்போய்விட்டது. பெயரை எழுதும்போது வீட்டில் இருக்கிறவர்களை நினைத்தேன், படத்தை இணைக்கும்போது குடும்பத்தை நினைத்தேன். அவ்வளவுதான் என் பிழை.

நாலாம் நாள் அப்பாவை முகாமுக்குக் கூப்பிட்டார்கள். துணைக்கு நானும் போனேன். மேசையில் எங்கள் படம் கிடந்தது. அண்ணையின் முகத்தைச் சுற்றிச் சிவப்புப் பேனையால் ஒரு வட்டம். மொழிபெயர்க்க நின்றவர் சொன்னார்: "பேர் மூண்டு. முகம் நாலு. இந்த ஆள் எங்கை?"

பிரான்சில் என்றார் அப்பா. பாஸ்போட் பிரதி கேட்டார்கள். இல்லை. போன விபரம் கேட்டார்கள். அதுவும் இல்லை. பிறகு அப்பா, அது கம்ப்யூட்டரில் சேர்த்த படம், அவன் அன்றைக்கு அங்கே நிற்கவில்லை என்றார். அதிகாரி படத்தைக் கண்ணுக்குக் கிட்டக் கொண்டுபோனார். நீலச் சேட்டைப் பார்த்தார், கதிரையில் கிடந்த கையைப் பார்த்தார். குளிர்ச்சட்டையோடு விட்டிருந்தால் ஒருவேளை நம்பியிருப்பார்கள். அவன் இயக்கத்தில் இருக்கிறான் என்று முடிவு கட்டி, ஆளைக் கொண்டுவரும்வரை தினமும் காலையில் வந்து கையெழுத்து வைக்கச் சொல்லி அப்பாவை விட்டார்கள்.

நான் டவுனுக்கு ஓடினேன். ஸ்டூடியோக்காரர் ஒரு கடிதம் தந்தால் போதும் என்று நினைத்தேன். அவர் கடைக் கதவைப் பாதி சாத்திவிட்டு மெதுவாகச் சொன்னார்: "இல்லாத ஆளைப் படத்திலை நிப்பாட்ட எனக்குத் தெரியும் எண்டு எழுதித் தரச் சொல்லுறீர். பிறகு என்னை விடுவினமே, தங்கச்சி?" மூன்று பேரை மட்டும் எடுத்த பழைய படமாவது இருக்கிறதா என்று கேட்டேன். எல்லாவற்றையும் அழித்துவிட்டாராம். வந்த கோபத்துக்கு அவருடைய கண்ணாடிப் பெட்டியை உடைக்கலாம் போலிருந்தது. ஆனால் அவர் சொன்னதில் பிழை இல்லை, அதுதான் இன்னும் வயிற்றெரிச்சல்.

அப்பா எட்டு மாதம் சைக்கிளில் போய்க் கையெழுத்து வைத்தார். அவர் திரும்பி வரும்வரை அம்மா குசினிக்குள் போகமாட்டா, அடுப்பு எரியாது. போனவர்கள் எல்லாரும் திரும்பி வந்த காலமல்ல அது. ஒருநாள் அப்பா வெள்ளனவே வந்தார், பாணும் வாழைப்பழமும் வாங்கிக்கொண்டு. சிங்களத்தில் தட்டச்சு செய்த ஒரு காகிதத்தை நீட்டினார்களாம். கையெழுத்து வைத்துவிட்டாராம். இனி வரத் தேவையில்லையாம். அதில் என்ன எழுதியிருந்தது என்று அம்மா கேட்டா. அப்பா பாணைப் பிய்த்து அம்மாவிடம் நீட்டினார்.

அந்தக் காகிதம் இப்போது எங்கே கிடக்கிறது, யாருடைய கம்ப்யூட்டரில் ஏறியிருக்கிறது, அதில் அண்ணை யாராக இருக்கிறார் என்று எனக்குத் தெரியாது. முகத்தோடு சேர்ந்து ஒரு கதை ஒருமுறை எழுதப்பட்டுவிட்டால் அதை நாம் போய் அழிக்க ஏலாது. எழுதியவர்கள் மறந்தாலும் காகிதம் மறக்காது.

போர் முடிந்த வருடம் அம்மா படுக்கையில் விழுந்தா. அண்ணைக்கு அப்போது பிரான்சில் தங்கும் விசா கிடைத்திருந்தது. வரப்போகிறேன் என்று போன் எடுத்தார். அப்பா என் கையிலிருந்து போனை வாங்கினார்.

"வராதை, தம்பி. நான் என்னத்துக்குக் கையெழுத்து வைச்சனான் எண்டு எனக்கே தெரியாது."

அம்மா கடைசி நாலு நாளும் வாசலைப் பார்த்துக்கொண்டே கிடந்தா. அண்ணை வரவில்லை.

அஞ்சலிப் பிரசுரத்துக்கு அம்மாவின் படம் தேவைப்பட்டது. வேறு நல்ல படம் இல்லை. சுவரில் இருந்ததையே கழற்றிக்கொண்டு அப்பாவும் நானும் அதே ஸ்டூடியோவுக்குப் போனோம். அவர் எங்கள் முகத்தைப் பார்க்காமல் வேலையைத் தொடங்கினார். அப்பாவை வெட்டினார், என்னை வெட்டினார், அண்ணையையும் வெட்டினார். திரையில் அம்மா மட்டும் இருந்தா, தோளில் நாலு விரல்களோடு.

அதையும் எடுத்துவிடவா, ஒரு நிமிட வேலைதான் என்று கேட்டார்.

"வேண்டாம்," என்றார் அப்பா. "அது கிடக்கட்டும்."