மஞ்சள் துணி கட்டிய முட்கொடி

சிம்பாங் அம்பாட்டில் எங்கள் தாமான் குடியிருப்பு முடிகிற இடத்தில் ஒரு கால்வாய், அதைத் தாண்டினால் பாமாயில் எடுக்கிற செம்பனைத் தோட்டம். சர்க்கரை ஏறிவிட்டது, நடங்கள் என்றார் டாக்டர். நடந்தேன். ஒரு மாலை முட்கொடி ஒன்று என் கால்சட்டையைப் பிடித்துக்கொண்டது. இந்த வயதில் என்னைப் போகவிடாமல் பிடிக்கிற ஆள் யார் என்று குனிந்தேன். கொக்கி மாதிரி முள், இலைக்கு அடியில் துருநிறப் பஞ்சு, மணிமணியாகக் கோத்த சிவப்புக் காய்கள். போனில் படம் எடுத்துத் தேடினால், ப்ளாக்பெர்ரி வகைக் காட்டுக்கொடியாம்.

கறுக்கட்டும் என்று காத்திருந்தேன். காலையில் ஒருதரம் போய்ப் பார்த்தேன், மாலையில் ஒருதரம். அது கறுக்கவில்லை. குருவிகள் தின்று தீர்த்த பிறகுதான் போனில் அடுத்த வரியைப் படித்தேன். இந்த வகை பழுத்தாலும் சிவப்புதானாம். நம் வீட்டிலேயே ஒன்று வளர்த்தால் என்ன என்று கேட்டேன்.

"ஒரு பழத்த காப்பாத்த முடியல, இதுல தோட்டம் போடப் போறாராம் லா!" என்றாள் மனைவி.

அன்றே முடிவு செய்துவிட்டேன். அந்தக் கொடி எங்கள் வேலியில் ஏறியாக வேண்டும். ஆனால் தோட்டத்தில் மறுநடவு வரப்போவதாகப் பேச்சு. முதலில் களைக்கு மருந்தடிப்பார்கள், அப்புறம் மெஷின் வந்து எல்லாவற்றையும் புரட்டிவிடும். கொடியின் நுனியை வளைத்து மண்ணில் புதைத்தால் அங்கேயே வேர்விடும் என்று படித்ததால், நுனியைப் புதைத்து மேலே ஒரு கல்லை வைத்தேன். தினமும் கல்லைத் தூக்கி, வேர் வந்ததா என்று இழுத்தும் பார்த்தேன். எப்படி வரும்?

மருந்தடிக்கிறவர்கள் கண்ணில் படட்டும் என்று, மாதா கோயில் திருவிழா அலங்காரத்தில் மிஞ்சிய மஞ்சள் துணியைக் கொடிக்குப் பக்கத்தில் குச்சியில் கட்டினேன். நாங்கள் வேதக்காரர்கள். தோட்டத்தில் மஞ்சள் துணியைப் பார்த்தால் மற்றவர்கள் என்ன நினைப்பார்கள் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

மருந்தடித்த மறுநாள் சுற்றிலும் புல் வாடிக் கிடந்தது. கொடி மட்டும் பச்சை. என் கல்லுக்கு மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, எலுமிச்சம்பழம் வைத்திருந்தார்கள். கல்லைத் தூக்கக் கையை நீட்டினேன்.

"தம்பி! சாமி மேல கை வைக்காதீங்க!" மருந்தடிக்கிற பெண்களின் தலைவி ஓடிவந்தார், எல்லோருக்கும் அவர் அக்காதான்.

"அக்கா, துணிய கட்டுனது நான்தான். கல்லும் நான் வச்சது."

"சாமிதான் உங்கள வைக்க சொல்லியிருக்கு."

"நான் சர்ச்சுக்குப் போறவன்கா."

"சாமி அதெல்லாம் பாக்குமா?"

சில வாரம் கல்லைத் தொட முடியாமல் கால்வாய்க்கு இந்தப் பக்கமே உலாத்தினேன். மெஷின் வரப்போகிற நாளுக்கு முந்தைய மாலை, ஒரு கன்று மட்டும் எடுத்துக்கொள்கிறேன் என்று அக்காவிடம் கெஞ்சினேன். பூக்கட்டிப் பார்ப்போம் என்றார். இரண்டு பொட்டலம், வெள்ளைப் பூ வந்தால் எடுக்கலாம், சிவப்பு வந்தால் திரும்பிப் பார்க்காமல் போக வேண்டும். ஒரு பெண் கண்ணை மூடி ஒன்றை எடுத்தாள். நான் கட்டிய துணி, நான் வைத்த கல், உத்தரவு கேட்டு நின்றதும் நான்தான்.

வெள்ளை.

அக்காவே கல்லை எடுத்தார். நுனி முழுக்க வெள்ளை நூல்களாக வேர். என் கை படாத வாரங்களில் நிம்மதியாகப் பிடித்திருக்கிறது. தாய்க்கொடியிலிருந்து நறுக்கி, மண்ணோடு பெயின்ட் வாளியில் வைத்துக் கொண்டுவந்து எங்கள் வேலியோரம் நட்டேன்.

வெள்ளிக்கிழமை எங்கள் கேட்டில் அக்காவும் இரண்டு பெண்களும் சூடத்தோடு நின்றார்கள்.

"பாதர் கேட்டா நீங்களே பதில் சொல்லிக்குங்க" என்று என்னிடம் பல்லைக் கடித்துவிட்டு, "வாங்கக்கா, தேத்தண்ணி கலக்கவா?" என்று மனைவி கேட்டைத் திறந்தாள்.

இப்போது வேலியில் புது இலை விட்டிருக்கிறது. பழம் அடுத்த வருஷம் வந்தால் உண்டு. வேர் நன்றாகப் பிடித்ததா என்று லேசாக இழுத்துப் பார்க்கக் கை பரபரக்கிறது. அக்கா எந்த நேரத்தில் வருவார் என்று சொல்ல முடியவில்லை.