மாமா ஊதிய பலூன்

பொலிஸ்காரர்கள் பலூன் வைத்திருப்பார்கள் என்று ஒன்பது வயதில் யாராவது என்னிடம் சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டேன். ஆனால் என் கண்ணாலேயே பார்த்தேன். அதை அவர்கள் கொடுத்தது எனக்கில்லை, என் தாய்மாமாவுக்கு. அதுவும் அக்காவின் சடங்கு நாளில், மஸ்கெலியாவுக்குப் போகிற பாதையில், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில்.

அக்கா பெரிய மனுஷியாகி, அன்றைக்குச் சடங்கு வைத்திருந்தார்கள். எங்கள் குடும்பத்தில் சடங்கு என்றால், தாய்மாமன் கொண்டுவரும் சேலையைக் கட்டிக்கொண்டுதான் பெண் பந்தலில் உட்கார வேண்டும். அப்பா எவ்வளவு நல்ல சேலை எடுத்து வைத்திருந்தாலும் அது அன்றைக்குப் பெட்டியில்தான் கிடக்கும். அந்தத் தாய்மாமனும் தானாகப் புறப்பட்டு வந்துவிடக் கூடாது. பெண்ணின் தம்பியோ அண்ணனோ வெற்றிலை பாக்கோடு போய் அழைத்து வர வேண்டும். அக்காவுக்கு இருந்த ஒரே தம்பி நான்தான்.

மாமா ஹட்டனுக்குப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் இருந்தார். தோட்டத் தொழிலாளர் வீடுகள் வரிசையாக ஒட்டியிருக்கும் அந்த லயத்தில், தேயிலை மலை வேலையை விட்டுவிட்டு முதன்முதலாக ஆட்டோ ஓட்டப் போனவர் அவர்தான். சனிக்கிழமையே என்னை பஸ் ஏற்றிவிட்டார்கள். ஏற்றிவிடும்போது அம்மா என் சட்டைப் பொத்தானைச் சரிசெய்துகொண்டே சொன்னாள்.

"பதினொன்னரைக்குள்ள மாமாவும் சேலையும் இங்க இருக்கணும். அவரு கதைக்க ஆரம்பிச்சா முடிக்க மாட்டாரு. நீதான் இழுத்துக்கிட்டு வரணும், சரியா?"

இவ்வளவு பெரிய பொறுப்பை அதற்கு முன் யாரும் என்னிடம் கொடுத்ததில்லை. இரவெல்லாம் பதினொன்றரை, பதினொன்றரை என்று சொல்லிக்கொண்டே தூங்கினேன்.

மறுநாள் காலை அத்தை, பலகாரத் தட்டுகளோடு முதல் பஸ்ஸிலேயே போய்விட்டார். சேலைத் தட்டை மட்டும் தாய்மாமனே கையில் கொண்டுபோக வேண்டும் என்பதால் அது எங்களோடு இருந்தது. சிவப்புத் துணியால் மூடிய அந்தத் தட்டை மடியில் வைத்துக்கொண்டு நான் ஆட்டோவில் ஏறி உட்கார்ந்தேன். மாமாவும் வெள்ளை வேட்டி சட்டையோடு வந்தார். அதற்குள் கடைசி வீட்டு அண்ணன் அவர் தோளில் கையைப் போட்டு இழுத்தார்.

"அக்கா மகளுக்குச் சீர் கொண்டு போறவன வாயக் காயவச்சா அனுப்புறது?"

"வேணாம்ணே. வண்டி ஓட்டணும்."

"அடேய், ஒரு மூடிதான். வண்டியா குடிக்கப் போவுது, நீதானே குடிக்கப் போற!"

எல்லோரும் சிரித்தார்கள். யாராவது ஆசையாக ஒன்றைக் கொடுத்தால் மறுக்கத் தெரியாதவர் மாமா. உள்ளே போனார். ஒரு மூடி சாராயம் எத்தனை மூடியானது என்று எனக்குத் தெரியாது. நான் ஹோர்ன் அடிப்பதில் மும்முரமாக இருந்தேன். வெகுநேரம் அடித்த பிறகுதான் வெளியே வந்தார். முகம் எண்ணெய் தேய்த்ததுபோல மினுமினுத்தது. எப்போதும் என்னை "டேய்" என்று கூப்பிடுகிறவர், அன்றைக்குக் கும்பிடு போட்டு, "வாங்க மருமகனே, போவோம்" என்றார். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

அந்தப் பாதை முழுக்க வளைவு. ஒரு பக்கம் தேயிலை மலை, மறுபக்கம் கீழே நீர்த்தேக்கம். மாமா பாட்டுப் பாடிக்கொண்டே ஓட்டினார். ஒவ்வொரு வளைவிலும் நான் சீட்டின் இந்த மூலையிலிருந்து அந்த மூலைக்கு வழுக்கிக்கொண்டு போனேன். மாமா இவ்வளவு சந்தோஷமாக வண்டி ஓட்டி நான் பார்த்ததே இல்லை.

ஒரு வளைவில் எதிரே பஸ் வந்தது. அதன் ஹோர்ன் சத்தம் காதைப் பிளந்தது. மாமா ஹேண்டிலை ஒடித்த ஒடிப்பில் ஆட்டோ பாதையை விட்டு இறங்கி, ஓரத்தில் நட்டிருந்த வெள்ளைக் கல்லில் முட்டி நின்றது. எட்டிப் பார்த்தேன். கல்லுக்கு அந்தப் பக்கம் தரையே இல்லை. வெகு கீழே தண்ணீர் பளபளத்தது. பாதையோரமாக இடுப்பில் குழந்தையோடு வந்துகொண்டிருந்த ஒரு பெண் மழைநீர் ஓடும் கானுக்குள் குதித்து விழுந்திருந்தாள். எழுந்து, குழந்தையைத் தூக்கிப் பார்த்துவிட்டுக் கத்தினாள்.

"கண்ணு தெரியலையா? நீயெல்லாம் புள்ளகுட்டி பெத்தவன்தானா?"

"மன்னிச்சிருங்க தங்கச்சி" என்று மாமா வளைந்து கும்பிட்டார். அந்தக் கும்பிடு எனக்குச் சிரிப்பாக வந்தது. நானும் சிரித்தேன். அவ்வளவு ஆட்டத்திலும் சேலைத் தட்டை நான் கீழே போடவில்லை என்பது மட்டும்தான் என் மனதில் இருந்தது.

கொஞ்ச தூரம் போனதும் எதிரே வந்த ஆட்டோ ஒன்று லைட்டைப் போட்டுப் போட்டு அணைத்தது. மாமாவின் பாட்டு நின்றது. ஆட்டோவை ஓரமாக நிறுத்திவிட்டு, "முன்னுக்கு பொலிஸ் நிக்கிது" என்றார். இரண்டு கையாலும் முகத்தைத் தேய்த்துக்கொண்டார்.

"மருமகனே, ஆட்டோவ இங்கயே வச்சிட்டு பஸ்ஸுல போவோமா? கொஞ்சம் சுணங்கும், பரவாயில்ல."

இன்றைக்கு யோசித்துப் பார்த்தால், அந்தக் காலையில் அவர் சொன்ன ஒரே நல்ல வார்த்தை அதுதான். நான் அழாத குறையாக, முடியாது என்று தலையை ஆட்டினேன்.

"நேரமில்ல மாமா! பதினொன்னரைக்குள்ள வரணும்னு அம்மா சொன்னாங்க. அக்கா காத்துக்கிட்டு இருக்கும்."

மாமா பாதைக்கு மேலே இருந்த தேயிலை மலையைப் பார்த்தார்.

"அப்ப ஒரு வேல செய்ங்க. மேல ஏறிக் கொஞ்சம் கொழுந்து பறிச்சிட்டு வாங்க. பச்சக் கொழுந்த மென்னா வாட போயிரும்னு சொல்லுவாங்க."

ஓடினேன். அம்மா பறிப்பதைப் பார்த்துப் பழகிய கை. இரண்டு இலையும் ஒரு மொட்டுமாக, முற்றிய இலை ஒன்றுகூடக் கலக்காமல் கைநிறையப் பறித்துக் கொடுத்தேன். மாமா அதை வாய்க்குள் திணித்து மென்றார். கசப்பில் கண்ணில் தண்ணீர் வந்தது. பச்சைப் பச்சையாகத் துப்பிவிட்டு, "நம்ம கங்காணிகூட இதுல ஒரு கொற சொல்ல மாட்டாரு" என்று ஆட்டோவைக் கிளப்பினார்.

அடுத்த வளைவில் இரண்டு பொலிஸ்காரர்கள் நின்றார்கள். மீசை நரைத்த சார்ஜன் சிங்களத்தில் லைசன்ஸைக் கேட்டார். மாமா முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு பதில் சொன்னார். சார்ஜன் இன்னும் கிட்டக் குனிந்தார். மாமாவுக்கு உதவ வேண்டிய நேரம் இது என்று எனக்குத் தோன்றியது. பள்ளிக்கூடத்தில் சிங்களப் பாடத்தில் நல்ல பெயர் எடுத்தவன் நான். மாமா தேயிலைக் கொழுந்து சாப்பிட்டிருக்கிறார், அதனால் இப்போது வாடை இல்லை என்று தெளிவாக, பிழையில்லாமல், சத்தமாகச் சொன்னேன்.

பின்னால் நின்ற பொலிஸ்காரர் சிரிப்பை அடக்க முடியாமல் திரும்பிக்கொண்டார். சார்ஜன் சிரிக்கவில்லை. பையிலிருந்து பலூனை எடுத்தார். எனக்குத்தான் என்று நினைத்துக் கையை நீட்டினேன். அவர் அதை ஒரு கண்ணாடிக் குழாயில் மாட்டி மாமாவிடம் கொடுத்தார். மாமா ஊதினார். குழாய்க்குள் மஞ்சளாகக் கிடந்த பொடி, பார்த்துக்கொண்டிருக்கும்போதே பச்சையாக மாறியது.

அது கொழுந்தின் பச்சை. நான் பறித்த கொழுந்துதான் மாமாவைக் காட்டிக்கொடுத்துவிட்டது.

மாமா என்னையும் தட்டையும் காட்டி, "சடங்கு சேர், அக்கா மகளுக்குச் சடங்கு" என்று கெஞ்சினார். சார்ஜன் சாவியை எடுத்துக்கொண்டு, தனக்குத் தெரிந்த தமிழில் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"சின்னப் புள்ள வச்சிக்கிட்டு இப்படி வாறது?"

மாமா தட்டைக் காட்டிக்கொண்டிருந்த கையைக் கீழே இறக்கினார்.

சார்ஜன் கைகாட்டி ஒரு பஸ்ஸை நிறுத்தி, என்னைத் தூக்கி ஏற்றி, எங்கே இறக்க வேண்டும் என்று கண்டக்டரிடம் இரண்டு முறை சொன்னார். மாமா பஸ் ஓரமாக வந்து நின்றார். "சேலைய மடியிலேயே வச்சிக்கடா. அக்காகிட்ட சொல்லு..." என்றார். என்ன சொல்ல வேண்டும் என்று தெரிவதற்குள் பஸ் புறப்பட்டுவிட்டது.

பதினொன்றேகாலுக்குத் தட்டோடு எங்கள் லயத்து வாசலில் நின்றேன். பந்தலில் இருந்த எல்லோரும் என் பின்னால் பார்த்தார்கள்.

"எங்கடா தாய்மாமன்?"

"பொலிஸ் புடிச்சிக்கிச்சி. நான் பறிச்ச கொழுந்துனாலதான்" என்று சொல்லி அழுதுவிட்டேன். பிறகு வளைவு, பஸ், வெள்ளைக் கல், பலூன் என்று எல்லாவற்றையும் முன்னும் பின்னுமாக உளறினேன். அத்தை வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு மூலையில் உட்கார்ந்துவிட்டார்.

அம்மா மாமாவைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. முட்டிபோட்டு உட்கார்ந்து என் தலையைத் தடவினாள். கழுத்தை, முழங்கையை, காலை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தாள். பொலிஸ் அடித்த காயத்தைத் தேடுகிறாள் என்று நினைத்து, "என்னய அடிக்கலம்மா" என்றேன். அவள் என் தலையில் முகத்தை வைத்து அழுத்திக்கொண்டாள். பிறகு எழுந்து கண்ணைத் துடைத்துவிட்டு, தட்டை என் கையில் திரும்பவும் வைத்தாள்.

"கொண்டுவந்தவன் நீதானே. நீயே குடு."

அக்காவின் கையில் கொடுத்தேன். "சின்னத் தாய்மாமன் வந்துட்டாருடோய்!" என்று யாரோ கத்த, பந்தலே சிரித்தது. அக்கா மட்டும் சிரிக்கவில்லை. சேலையை வாங்கிக்கொண்டு பாதையையே பார்த்தாள்.

பிள்ளைகளா, அதன் பிறகு நடந்ததையும் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். பொடியைப் பச்சையாக்கியது சாராயம்தான் என்று உறுதிசெய்ய, மாமாவை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் டொக்டரிடம் காட்டினார்கள். சாயங்காலம் பிணையில் விட்டார்கள். பிறகு நீதவான் முன்னால் நிறுத்தினார்கள். குடித்துவிட்டு வாகனம் ஓட்டுவது நம் நாட்டில் குற்றம். ஒரு மூடிதான், சடங்குக்குத்தான், பக்கத்து ஊருக்குத்தான் என்பதெல்லாம் அங்கே எடுபடாது. மாமாவுக்குத் தண்டப் பணமும் விதித்து, ஒரு வருஷத்துக்கு லைசன்ஸையும் ரத்து செய்தார்கள். அந்த வளைவில் யாருக்காவது ஏதாவது ஆகியிருந்தால் மறியலில்தான், கம்பிக்குள்தான் இருந்திருப்பார். ஆட்டோ லயத்துக்குப் பின்னால் பிளாஸ்டிக் தாளுக்குள் கிடந்தது. விட்டுவிட்டு வந்த மலை வேலைக்கே மாமா திரும்பிப் போனார். மூடி ஊற்றிக்கொடுத்த அண்ணனுக்கு ஒன்றும் ஆகவில்லை. அவர் பாட்டுக்கு இருந்தார்.

லீவுக்குப் போகும்போதெல்லாம் மாமா என்னோடு முன்னைப்போலக் கதைக்க மாட்டார். கேட்டதற்குப் பதில் சொல்வார், அவ்வளவுதான். கொழுந்து விஷயத்தில் என்மேல் கோபம் என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன். மன்னிப்புக் கேட்கத் தைரியம் வரவில்லை.

ஒரு வருஷம் கழித்து லைசன்ஸ் திரும்பக் கிடைத்தது. அப்போது நான் அவர் வீட்டில் இருந்தேன். ஆட்டோவைக் கழுவித் துடைத்து, எங்கள் வீட்டுக்குத்தான் முதல் பயணம் என்றார். நான் ஓடிப்போய்ப் பின் சீட்டில் ஏறிக்கொண்டேன்.

"எறங்குடா. நீ பஸ்ஸுல போ. நான் பின்னாலேயே வாறேன்."

சத்தம் போட்டுச் சொல்லவில்லை. நான் இறங்கிக்கொண்டேன். பஸ்ஸில் கடைசி சீட்டில் ஏறி உட்கார்ந்து பின் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். மாமா வெறும் ஆட்டோவை ஓட்டிக்கொண்டு பஸ்ஸுக்குப் பின்னாலேயே வந்தார். பாட்டு இல்லை. நான் இரண்டு கையையும் உயர்த்தி ஆட்டினேன். அவர் என்னைப் பார்த்தார். ஆனால் ஹேண்டிலை இறுக்கிப் பிடித்திருந்த கைகளில் ஒன்றைக்கூட எடுத்து ஆட்டவில்லை. நீர்த்தேக்கத்து வளைவு வந்தபோது அவருடைய ஆட்டோ, நடந்து வருவதுபோல மெதுவாக வந்தது.

ஒரு வருஷமாகியும் மாமாவுக்குக் கோபம் தீரவில்லையே என்று நினைத்துக்கொண்டு நான் முன்பக்கம் திரும்பி உட்கார்ந்துவிட்டேன்.