அருளம்பலத்தாரின் இருமல் மருந்துப் போத்தல்

எங்கள் ஒழுங்கையில் பெற்றோல் வைத்திருந்த ஒரே மனிதர் கார்க்கார அருளம்பலத்தார். எவ்வளவு வைத்திருந்தார் என்று கேளுங்கள்: ஓர் இருமல் மருந்துப் போத்தல். அதற்கே மனிசன் பெற்றோல் கிணறு தோண்டியவர் மாதிரி நடப்பார்.

யாழ்ப்பாணத்துக்குப் பொருளாதாரத் தடை வந்து மூன்றாம் வருடம் அது. ஆயுதம் செய்யக்கூடிய சாமான்களைத்தான் தடுக்கிறோம் என்று கொழும்பில் சொன்னார்கள். பெற்றோல், பற்றரி எல்லாம் சரி, பட்டியலில் சவர்க்காரமும் இருந்தது. சவர்க்காரத்தால் ஆளை எப்படிக் கொல்வது என்று எங்களுக்கு ஒருவரும் சொல்லித்தரவில்லை. நாங்கள் பனம்பழத்தைக் கசக்கி உடுப்புத் தோய்த்தோம்.

அருளம்பலத்தாரின் ஏ-40 கார் மண்ணெண்ணெயில் ஓடியது. ஆனால் ஸ்டார்ட் எடுக்க ஒரு தேக்கரண்டி பெற்றோலாவது வேண்டும். ஆகையால் ஒருமுறை ஸ்டார்ட் எடுத்தால் நிறுத்தமாட்டார். கலியாண வீட்டு வாசலில் தாலி கட்டி முடியும்வரை கார் உறுமிக்கொண்டே நிற்கும். ஐயர் தொண்டை கிழியக் கத்தி மந்திரம் சொல்வார்.

மகள் தவமலர் பிள்ளைத்தாச்சியானதும் அந்த உறுமலும் நின்றது. மிச்சப் பெற்றோல் முழுவதும் அவளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக என்று தீர்ப்பாகிவிட்டது. போத்தலில் ஒரு கோடு கீறினார். தினமும் காலையில் திருநீறு பூசியதும் போத்தலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பார். சாமிக்கு இரண்டாம் இடம்தான்.

அந்த நாட்களில் ஒருநாள் என் அம்மாவுக்கு மூச்சு முட்டு வந்தது. என்னிடம் ஒரு பழைய மோட்டார் சைக்கிள் இருந்தது, அதற்கும் அவருடைய காரின் வியாதிதான், பெற்றோல் இல்லாமல் ஸ்டார்ட் வராது.

"அண்ணை, ஒரு கரண்டி தாங்கோ. அம்மா மூச்செடுக்கக் கஷ்டப்படுறா."

"சைக்கிளிலை ஏத்திக்கொண்டு போ."

"அவவாலை நிமிர்ந்து இருக்க ஏலாது அண்ணை."

"என்ரை பிள்ளை மட்டும் சைக்கிள் கரியரிலை இருந்து பெறுவாளோ?"

நாசமாய்ப் போக என்று மனதுக்குள் திட்டிக்கொண்டு திரும்பினேன். வேலிப் பொட்டுக்குள்ளால் அவர் மனைவி பூரணம் அக்கா கூப்பிட்டா.

"சத்தம் போடாதை. இந்தா, பிடி."

ஒரு கரண்டி ஊற்றித் தந்துவிட்டு, போத்தலில் குறைந்த அளவுக்கு மண்ணெண்ணெய் விட்டா. "கோடு கோட்டிலை நிண்டாச் சரி. அவருக்குக் கோடுதான் முக்கியம்" என்று சிரித்தா. அந்தச் சலுகை எனக்கு மட்டும்தான் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

இரண்டு மாதம் கழித்து, ஒரு மத்தியானம் தவமலருக்குக் குத்தெடுத்தது. பார்த்த மருத்துவிச்சி, "பிள்ளை குறுக்கை கிடக்கு, என்னாலை ஏலாது, ஆஸ்பத்திரிக்குக் கெதியாக் கொண்டு போங்கோ" என்று கையை விரித்துவிட்டா. அவளைப் பின்சீற்றில் கிடத்தினோம்.

அருளம்பலத்தார் ஒரு கரண்டி ஊற்றிக் கைபிடியைச் சுற்றினார். கார் இருமியது. இன்னொரு கரண்டி. பிறகு போத்தலையே கவிழ்த்தார். இருமலும் நின்றது. வெறும் போத்தலை மணந்து பார்த்தவரின் முகம் செத்துப்போயிற்று.

"எடியேய் பூரணம், இது மண்ணெண்ணெய்யெல்லோ!"

அக்கா தலையில் அடித்துக்கொண்டு அழுதா. "கதிரேசுவின்ரை மிளகாய்க் கண்டு வாடுதெண்டு பம்புக்கு ஒரு கரண்டி... இவன்ரை தாய்க்கு ஒரு கரண்டி... ஒவ்வொரு கரண்டிதானே எண்டு நினைச்சன். என்ரை பிள்ளையை நானே கொல்லப்போறன்!"

நிலம் பிளந்தால் உள்ளே போயிருப்பேன். அருளம்பலத்தார் என்னிடம் வந்தார்.

"நீயுமோடா?"

"ஓம் அண்ணை."

"கொம்மா உயிரோடை இருக்கிறாவோ?"

"இருக்கிறா அண்ணை."

"அப்ப என்னத்தை விடுப்புப் பார்க்கிறாய்? தள்ளடா!"

தள்ளினேன். அக்காவின் ஒப்பாரி கேட்டு, கரண்டி வாங்கிய மற்றவர்களும் ஒவ்வொருவராக வந்து தோள் கொடுத்தார்கள். என்னோடு எட்டுப் பேர்! கரண்டிக்கணக்கு அன்றைக்குத்தான் ஊருக்கு வெளிச்சமானது. ஆஸ்பத்திரி இரண்டு கட்டை, முழுசாக இரண்டு மைல் தூரம். யாழ்ப்பாணத்தில் இறக்கம் என்று ஒன்று கிடையாது. அதற்காக நான் அழுதது அன்றைக்கு மட்டும்தான். அருளம்பலத்தார் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி, "இடப்பக்கம் ஆரடா? சோறு தின்னேல்லையோ?" என்று ஏசிக்கொண்டே வந்தார். உண்மையில் ஒருவரும் தின்னவில்லை.

பெண் குழந்தை. தாயும் பிள்ளையும் தப்பினார்கள்.

பின்னேரம் அருளம்பலத்தார் வீட்டு முற்றத்தில் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, டைனமோவில் ரேடியோ கேட்டோம். பெடலைக் கையால் சுற்றியது நான்தான். யாழ்ப்பாணத்தில் எரிபொருள் தட்டுப்பாடு இல்லை, வாகனங்கள் வழமைபோல ஓடுகின்றன என்றது செய்தி.

"பொய்யில்லையே, என்ரை கார் இண்டைக்கு ரெண்டு கட்டை ஓடினதுதானே" என்றார் அருளம்பலத்தார்.

எல்லோருக்கும் தேத்தண்ணியும் பனங்கட்டியும் கொடுத்துவிட்டு, அக்கா கடைசியாகப் பயந்து பயந்து அவரிடம் வந்தா. அவர் கோப்பையை வாங்காமல் கேட்டார்.

"எட்டுப் பேருக்குத்தானே குடுத்தனி?"

"ஓம்."

"நல்லகாலம். ஏழு பேருக்குக் குடுத்திருந்தா அந்தக் கார் அசைஞ்சிராது."